கோப்புப் பெயரில் உள்ள இடைவெளியால் திரும்பி வரும் விண்ணப்பங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்தில், தட்டச்சு, ஸ்கான், போட்டோக்கொப்பி, இணைய விண்ணப்பம் ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் சிறிய கடையொன்றை நடத்துகிறேன். கண்டாவளை, புன்னைநீராவி, கல்மடு, விசுவமடு என்று சுற்றுவட்டாரச் சனங்கள் வருகிறார்கள். வேலைக்கு, படிப்புக்கு, காணி அலுவலுக்கு, வெளிநாட்டு விசாவுக்கு என்று இப்போது எல்லாமே இணையத்தில்தான் கேட்கப்படுகின்றன. முடிவுத் திகதி கிட்டும்போது என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "அக்கா, பைல் போகுதில்லை. லைன் இல்லைப்போல கிடக்கு" என்பதுதான்.

எங்கள் பக்கத்தில் லைனைக் குறை சொல்வது இலகு. மழை பெய்தால் கவரேஜ் விழும், கரண்ட் நின்றால் ரவுட்டர் நிற்கும். ஆனால் லைனின் பெயரில் எழுதப்படும் பழிகளில் பெரும் பங்கு லைனுக்கு உரியதல்ல. கோப்பின் பெயருக்குள் விடப்பட்ட ஒரு வெற்று இடைவெளிதான் காரணம். அதை யாரும் சனத்துக்குச் சொல்வதில்லை. விண்ணப்பத்தை வாங்கும் தளம் சொல்வதில்லை, அறிவித்தல் போடும் அலுவலகம் சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அண்மையில் உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை தகப்பனோடு வந்தாள். ஒரு கற்கைநெறிக்கு விண்ணப்பிக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழை ஏற்ற முடியவில்லை. வீட்டில் கவரேஜ் காணாது என்று தகப்பன் அவளை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீதிக்கு வந்து, டேட்டா போட்டு, போனைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். பச்சைக் கோடு நூறு வீதம் வரை ஓடி முடிய, சிவப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது, 'ஏற்ற முடியவில்லை' என்று. ஏன் என்று ஒரு சொல் இல்லை.

போனில் இருந்து கோப்பை என் கணினிக்கு எடுத்தேன். பெயர் 'பிறப்புச் சான்றிதழ் புதியது (1) .பிடிஎப்' என்று இருந்தது. பெயரை மாற்றும் பெட்டியைத் திறந்து, புள்ளிக்கு முன்னால் கர்சரை வைத்து, இடப்பக்க அம்புக்குறியைத் தட்டினேன். கர்சர் நகர்கிறது, ஆனால் எந்த எழுத்தையும் தாண்டவில்லை. மறுபடி தட்டத்தான் அடைப்புக்குறி வந்தது. "பாருங்கோ பிள்ளை, இதில ஒரு இடைவெளி இருக்கு, கண்ணுக்குத் தெரியாது" என்று காட்டினேன். அதையும் நடுவில் இருந்த மற்ற இடைவெளிகளையும் அடைப்புக்குறியையும் எடுத்துவிட்டு, ஒரு சிறிய பெயர் வைத்து ஏற்றினேன். அதே லைன், அதே கோப்பு, போய்விட்டது. தகப்பன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை முதலே ஒருத்தரும் சொல்லேல்லையே தங்கச்சி" என்றார். அவருடைய கேள்வி நியாயமானது, அதை உங்கள் பத்திரிகை ஊடாகக் கேட்கிறேன்.

லைனா பெயரா என்று வீட்டிலேயே பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. லைன் பிழை என்றால் ஏற்றம் பாதியில் தொங்கி நிற்கும், அல்லது நீண்ட நேரம் சுற்றிச் சுற்றி அறுந்துபோகும். நூறு வீதமும் போய் முடிந்த பிறகு மறுப்பு வந்தால் லைன் தன் வேலையைச் செய்துவிட்டது. அப்போது கோப்பின் அளவு, வகை, பெயர் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். கோப்பைக் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பிக்கு '1' என்று மட்டும் பெயர் வைத்து (பின்னால் வரும் பிடிஎப், ஜேபிஜி என்பதை அப்படியே விட்டு) மறுபடி அனுப்பிப் பாருங்கள். போனால் குற்றவாளி பெயர். போகாவிட்டால் அளவைப் பாருங்கள். இதைச் செய்யாமல் திரும்பத் திரும்ப அதே கோப்பை அனுப்புவது டேட்டாக் காசைக் கரைப்பது மட்டும்தான்.

ஏன் ஒரு இடைவெளி இவ்வளவு தொல்லை தருகிறது? நாங்கள் கோப்பைச் செய்வது விண்டோஸ் கணினியில் அல்லது போனில். அது போய்ச் சேரும் சேவர், அதாவது தளத்தை நடத்தும் கணினி, பெரும்பாலும் ஓடுவது விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸில். விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளக் காலத்தில் ஒரு கோப்புக்கு எட்டு எழுத்தில் பெயரும் மூன்று எழுத்தில் பின்னொட்டும் (புள்ளிக்குப் பின் வரும் பிடிஎப் போன்றது) மட்டும்தான் வைக்கலாம். 1995இல் விண்டோஸ் 95 வந்தபோதுதான் நீண்ட பெயர்களும், அவற்றுக்குள் தாராளமான இடைவெளிகளும் சாதாரண மேசைக்கு வந்தன. லினக்ஸும் அதன் முன்னோடியான யுனிக்ஸும் இடைவெளியைத் தடை செய்யவில்லை. ஆனால் அங்கே கட்டளைகளைத் தட்டச்சு செய்யும்போது ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை இடைவெளியை வைத்தே கணினி அறிகிறது. 'காணி வரைபடம்.பிடிஎப்' என்று மேற்கோள் குறி போடாமல் கொடுத்தால் 'காணி' என்று ஒரு கோப்பையும் 'வரைபடம்.பிடிஎப்' என்று இன்னொரு கோப்பையும் அது தேடும். இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயரைப் பாதியாகப் பிரித்து இரண்டு பிள்ளைகளைக் கூப்பிடுவது போன்றது இது. இரண்டு பேரும் வகுப்பில் இருக்கமாட்டார்கள். 'அப்படியொரு கோப்பு இல்லை' என்ற பதில் வரும்.

மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் இதே பிழை வேறு முகத்தோடு வரும். தளமொன்றில் ஏற்றிய கோப்பின் பெயர் அதன் இணைய முகவரியிலும் வரும். இணைய முகவரிக்குள் இடைவெளி இருக்கக்கூடாது என்பது விதி. இடைவெளிக்குக் கணினியில் உள்ள எண் 32. பத்துக்குப் பதில் பதினாறை அடியாக வைத்து எழுதினால் 20. அதனால்தான் முகவரிகளில் இடைவெளி நின்ற இடங்களில் %20 என்று பார்க்கிறோம். முகவரியைப் பிரவுசரில் இருந்து கொப்பி எடுத்தால் பெரும்பாலும் இந்த மாற்றம் தானாக நடக்கும். கையால் தட்டச்சு செய்து அனுப்பினால் முதல் இடைவெளி வரைக்கும்தான் நீல நிறமாகும், மிச்சம் சாதாரண எழுத்தாகக் கிடக்கும். அதைத் தட்டுகிறவருக்கு 'பக்கம் இல்லை' என்று வரும். வட்ஸ்அப்பில் வரும் முகவரி பாதி நீலம், பாதி கறுப்பு என்று இருந்தால் அனுப்பியவரிடம் கோப்பின் பெயரை மாற்றி மீண்டும் ஏற்றச் சொல்லுங்கள். எங்காவது %2520 என்று கண்டால், ஏற்கனவே மாற்றிய முகவரியை இன்னொரு மென்பொருள் மறுபடியும் மாற்றியிருக்கிறது, வீத அடையாளமே %25 ஆகிவிட்டது என்று பொருள். அதில் 25ஐ அழித்துவிட்டால் அநேகமாகத் திறக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் நல்ல கோப்புகளைச் சனம் அழித்துவிடுகிறது. அலுவலகத் தளத்தில் இருந்து ஒரு படிவத்தை இறக்கினால் சில நேரம் அதன் பெயரில் முதற்சொல் மட்டும் வரும். 'விண்ணப்பப் படிவம் 2024.பிடிஎப்' என்பது வெறும் 'விண்ணப்பப்' என்று இறங்கும், பின்னொட்டே இருக்காது. அனுப்பும் சேவர் பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போடாததால், வாங்கும் பிரவுசர் முதல் இடைவெளியோடு பெயர் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. பின்னொட்டு இல்லாததால் எதனால் திறப்பது என்று விண்டோஸுக்குத் தெரியாது. கோப்பு பழுதில்லை. பெயரின் கடைசியில் புள்ளி வைத்துப் பிடிஎப் என்று ஆங்கில எழுத்தில் சேர்த்தால் திறந்துவிடும். "பைல் உடைஞ்சுபோச்சு" என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பாமினி எழுத்துருவில் பழகிய தட்டச்சுக்காரருக்கு ஒரு வார்த்தை. வன்னியில் இன்னும் நிறைய அலுவலகங்களிலும் கடைகளிலும் பாமினிதான் கை ஓட்டம். ஆனால் பாமினி ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் எழுத்துரு மட்டுமே. கோப்பின் பெயரைப் பாமினிப் பழக்கத்தில் அடித்தால், உள்ளே போவது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. விண்டோஸ் அந்த அரைப்புள்ளியைப் பெயரில் ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் கட்டளையிலோ அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்று அர்த்தம். இடைவெளியைவிட இது மோசம். பெயரை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யுனிகோட்டில் அடியுங்கள்.

தமிழில் பெயர் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழில் வைத்தால்தான் எங்கள் அம்மாமார் தங்கள் போனில் எது காணிப் பத்திரம், எது கிளினிக் காட் என்று கண்டுபிடிப்பார்கள். ஆனால் நீளத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். யுனிகோட்டைச் சேமிக்கும் யூடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) போகிறது. 'கொ' என்பதிலேயே ககரத்துக்கு ஒன்று, ஒகரக் குறிக்கு ஒன்று. லினக்ஸில் ஒரு பெயருக்கு வழக்கமான எல்லை 255 பைட். எனவே ஏறக்குறைய 85 குறியீடுகளோடு இடம் முடிந்துவிடும். விண்டோஸில் நன்றாகத் திறக்கும் நீண்ட தமிழ்ப் பெயர் சேவருக்குப் போனதும் 'பெயர் நீளம்' என்று திரும்புவது இதனால்தான்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சின்ன விஷயத்துக்கு இருக்கும் பாரத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. 2009இல் வன்னியில் இருந்து வெளியேறியவர்களில் பலர் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் சொப்பிங் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பலருக்கு அதுவும் இல்லை. பிறகு ஒவ்வொரு பத்திரத்துக்கும் அலைந்தார்கள். இன்று அந்தப் பத்திரங்களை என்னிடம் கொண்டுவந்து, "ஒருக்கா ஸ்கான் பண்ணி வையுங்கோ" என்று தருகிறபோது, மடித்த மடிப்பில் கிழிந்து, அச்சு மங்கி இருக்கும். அதை ஒழுங்காகச் சேமித்து, கேட்கிற இடத்துக்குக் கேட்ட நேரத்தில் போய்ச் சேர வைப்பது எங்கள் போன்ற கடைகளின் கடமை. பெயர் வைப்பதும் அந்தக் கடமைக்குள் அடங்கும்.

இழந்த படங்களைத் திரும்பப் பெறும் வேலையிலும் இதையே கண்டேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் அல்பங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. முன்பு வெளிநாடு போன உறவினரிடம் அதே படங்களின் பிரதிகள் இருக்கின்றன. கனடாவில் இருக்கும் ஒரு குடும்பம் தங்களிடம் உள்ளவற்றை ஸ்கான் செய்து, தங்கள் லினக்ஸ் கணினியில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னது. அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படிக்கும் தம்பி ஒருவர் என் கடையில் இருந்து அவற்றை இறக்கித் தந்தார். போல்டர்களின் பெயர்கள் 'பெரியம்மா வீடு கலியாணம்', 'குளத்தடி பொங்கல்' என்று இருந்தன. ஒரு கணினியில் இருந்து இன்னொன்றுக்குக் கோப்பைக் கொப்பி எடுக்கும் எஸ்சிபி என்ற கட்டளையில் மேற்கோள் குறி போட்டும் 'இல்லை' என்றே பதில் வந்தது. அவர் விளக்கினார்: "அக்கா, நான் போட்ட மேற்கோள் குறியை எங்கட கணினி கழட்டிப்போடும். அங்கால இருக்கிற கணினி பெயரைத் திரும்பவும் வாசிச்சு இடைவெளியில வெட்டும். ரெண்டு தரம் காவல் போடவேணும்."

மேற்கோளுக்குள் மேற்கோள் போட, படங்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. 2022 ஏப்ரலில் வந்த, எஸ்சிபியை உள்ளடக்கிய ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 மென்பொருள் முதல் எஸ்சிபி வேறு முறையில் வேலை செய்வதால் இந்த இரண்டாவது வெட்டு நடப்பதில்லை. அதே மாதம் வந்த, இதே போலக் கோப்புகளைக் கொப்பி எடுக்கும் ஆர்சிங்க் 3.2.4உம் பெயர்களைத் தானே பாதுகாக்கிறது. பழைய பதிப்பு ஓடும் கணினிகளில் ஆர்சிங்குக்கு '-எஸ்' என்ற தெரிவை, அதாவது கட்டளையின் நடத்தையை மாற்றும் குறியை, சேர்க்க வேண்டும், ஆங்கிலச் சிற்றெழுத்தில். இதெல்லாம் தெரியாத சாதாரண ஆளுக்கு ஒரு நேர்வழி உண்டு. எல்லாவற்றையும், பல கோப்புகளை ஒன்றாக்கும் சிப் (zip) கோப்பு ஒன்றாகக் கட்டி, அந்தச் சிப்புக்கு இடைவெளி இல்லாத ஒரு பெயர் வைத்து அனுப்புங்கள். வழியில் பார்க்கப்படுவது வெளிப்பெயர் மட்டும்தான்.

மொத்தமாகப் பெயர் மாற்றுகிறவர்கள் கவனிக்க: முதலில் மூலப் பிரதியை வேறு இடத்தில் வையுங்கள். 'காணி படம்' என்றும் 'காணி_படம்' என்றும் ஏற்கனவே இரண்டு கோப்புகள் இருந்தால், மாற்றும்போது ஒன்று மற்றதன் மேல் எழுதப்பட்டு அழியலாம். விண்டோஸில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து ஒரே தடவையில் பெயர் மாற்றினால் அதுவே இடைவெளியும் அடைப்புக்குறியும் போட்டு (1), (2) என்று எண் வைக்கும். அந்த வழி இதற்கு உதவாது.

இவ்வளவும் சனத்தின் அறியாமை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2001 நவம்பரில் அப்பிள் நிறுவனம் மக் கணினிக்கு வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0இன் நிறுவல் நிரலில் ஓரிடத்தில் மேற்கோள் குறி போடப்படவில்லை. வன்தட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய கோப்புகளை அது அழித்தது. நிறுவனம் அதை உடனே மீளப்பெற்று 2.0.1ஐ வெளியிட்டது. உலகின் பெரிய நிறுவனமொன்றின் நிரலாளர்களுக்கே நடந்த பிழைக்குக் கல்மடுவில் இருக்கும் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பெயரில் இடைவெளி விடுவது குற்றமில்லை. அதைத் தாங்காத நிரலை எழுதிவிட்டு, ஏன் மறுக்கிறோம் என்றும் சொல்லாமல் விடுவதுதான் குறை.

ஆகவே விண்ணப்பங்களை இணையத்தில் வாங்கும் திணைக்களங்களையும் நிறுவனங்களையும் கேட்டுக்கொள்கிறேன். வரும் கோப்புக்கு விண்ணப்ப இலக்கத்தை வைத்து உங்கள் சேவரே புதிய பெயர் கொடுக்கட்டும். விண்ணப்பதாரர் வைத்த பெயரைச் சேமிப்பில் பயன்படுத்தவே தேவையில்லை. நிரல் எழுதுகிறவருக்கு இது சில வரி வேலை. அது முடியும் வரைக்கும், மறுக்கும்போது காரணத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள்: 'கோப்பின் பெயரில் இடைவெளி உள்ளது, நீக்கிவிட்டு மீண்டும் அனுப்பவும்' என்று. தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. சிவப்பு எழுத்தில் வரும் அந்த ஒற்றை வரிக்கும் அது பொருந்த வேண்டும்.

பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு பாடவேளையை இதற்குக் கொடுங்கள். பிள்ளைகளின் சொந்தப் பத்திரத்தையே எடுத்து, இடைவெளி வரும் இடத்தில் அடிக்கோடு போட்டு, திகதியை 2024-03-11 என்ற ஒழுங்கில் எழுதி, 'பிறப்புச்சான்று_2024-03-11' என்று பெயர் வைக்கப் பழக்குங்கள். பெயரைச் சிறுகோட்டில் தொடங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், கட்டளைகள் அதைத் தெரிவு என்று நினைக்கும். அடையாள அட்டை இலக்கத்தைப் பெயரில் எழுதுவதும் நல்லதல்ல. கடைக் கணினியில் அடுத்து வருகிறவரும் அதைப் பார்ப்பார்.

என்னைப் போலக் கடை நடத்துகிறவர்கள் ஸ்கானரின் அமைப்பில் ஒருமுறை போய், தானாக வைக்கும் பெயரில் இடைவெளி வராதபடி மாற்றிவிடலாம். பல ஸ்கானர் மென்பொருள்களில் அந்த வசதி இருக்கிறது. போனில் ஸ்கான் செய்யும் செயலிகள் திகதியையும் நேரத்தையும் இடைவெளி விட்டுப் போடுகின்றன. வாடிக்கையாளர் கடையை விட்டுப் போகுமுன் அதை மாற்றிக் கொடுங்கள்.

கண்டாவளைப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் உள்ள எந்த அலுவலகமோ, பாடசாலையோ, சனசமூக நிலையமோ விரும்பினால், இந்த அறிவுறுத்தலை ஒரு பக்கத் தமிழ் அறிவித்தலாக அடித்து, காசு வாங்காமல் அச்சிட்டுத் தர ஆயத்தமாக இருக்கிறேன். அடுத்த விண்ணப்பக் காலம் தொடங்குமுன் கேட்டால் நல்லது.

இப்படிக்கு,
தட்டச்சு நிலையம் நடத்தும் வாசகி,
தருமபுரம், கிளிநொச்சி.